ஜூலையில் காணாமல் போகும் பறவை: மான்டிவெர்டே கெட்சால், ஒரு நிகழ்வு ஆய்வு

கெட்சாலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தேடிப் போகும் இடங்களில் முக்கியமான ஒன்று, மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் உள்ள மான்டிவெர்டே. மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் போனால், நல்ல வழிகாட்டி ஒருவர் கூட்டுக்கு எதிரிலேயே நிறுத்திக் காட்டிவிடுவார். ஜூலைக்குப் பிறகு அதே பாதையில் நடந்தால் கெட்சால் கண்ணில் படுவது குதிரைக் கொம்பு. காடு அப்படியே இருக்கும். மரங்களை யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள், வேட்டையும் இல்லை. பறவை மட்டும் போயிருக்கும்.

எங்கே போகிறது? சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, காப்பகம் என்று நாம் வரைந்துவைக்கும் எல்லைக்கோட்டின் மீதே சந்தேகம் வந்தது. வெப்பமண்டல மலைப் பறவைகளைக் காப்பது பற்றி யோசிக்கிற எவரும் இந்த ஒரு நிகழ்வையாவது முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இடம்

மான்டிவெர்டே, திலாரான் மலைத்தொடரில் இருக்கிறது. மலை முகடுதான் கண்டப் பிரிகோடு. அதற்குக் கிழக்கே பெய்யும் மழை அட்லான்டிக் பக்கம் ஓடும், மேற்கே பெய்வது பசிபிக் கடலுக்குப் போகும். கரீபியனிலிருந்து வீசும் காற்று ஈரத்தைத் தூக்கிவந்து முகட்டில் மோதுவதால், சுமார் 1,500 மீட்டருக்கு மேல் உள்ள காடு ஆண்டின் பெரும்பகுதி மேகத்துக்குள்ளேயே கிடக்கிறது. மரக்கிளை தெரியாத அளவுக்குப் பாசியும் ஆர்க்கிடும் பெரணியும் மூடியிருக்கும். முகட்டைத் தாண்டி மேற்கே இறங்க இறங்க ஈரம் குறைந்துவிடும். சில கிலோமீட்டர் தூரத்துக்குள் காட்டின் குணமே வேறாகிவிடுகிறது. இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1951இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் சில இங்கே வந்து குடியேறின. போரில் சேர மறுத்தவர்கள். ராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு என்பதாலேயே கோஸ்டா ரிக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டித் தொழிற்சாலை வைத்தார்கள். ஓடைகளின் தலைப்பில் இருந்த காட்டைத் தண்ணீருக்காக வெட்டாமல் விட்டுவைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பறவை ஆராய்ச்சிக்காக வந்த ஜார்ஜ் பவல், அவருடைய மனைவி ஹாரியட், குவேக்கர்களில் ஒருவரான வில்ஃபோர்ட் கின்டன் ஆகியோரின் முயற்சியால், வெப்பமண்டல அறிவியல் மையம் என்ற கோஸ்டா ரிக்க அமைப்பின் கீழ் 1972இல் மேகக் காட்டுக் காப்பகம் உருவானது. தொடக்கத்தில் சில நூறு ஹெக்டேர்தான். அப்புறம் அது பல மடங்கு விரிந்தது.

ஆக, கெட்சால் கூடு கட்டும் காடு பத்திரமாகிவிட்டது. வேலை முடிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

பறவை

இங்கே பேசப்படும் இனம் ஃபாரோமாக்ரஸ் மொசினோ, அதாவது ஒளிரும் கெட்சால். தெற்கு மெக்சிகோவின் சியாபாஸிலிருந்து மேற்குப் பனாமா வரையுள்ள மலைக்காடுகளில் வாழ்கிறது. ட்ரோகன் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கும் தீக்காக்கையும் இதே குடும்பம்தான். தீக்காக்கையைக் காட்டில் பார்த்தவர்களுக்கு கெட்சாலின் சுபாவம் சட்டென்று பிடிபடும். நிமிர்ந்து உட்காரும், நெடுநேரம் அசையாது, சந்தேகம் வந்தால் பச்சை முதுகை நம் பக்கம் திருப்பிச் சிவந்த மார்பை மறைத்துக்கொள்ளும். ஈர இலைகளுக்கு நடுவே அந்தப் பச்சையைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை.

உடல் நீளம் ஒன்றேகால் அடி, எடை ஏறத்தாழ 200 கிராம். ஆண் பறவையின் புகழ்பெற்ற நீண்ட வால் என்று நாம் சொல்வது வாலே இல்லை. வாலை மூடும் மேலிறகுகள் இரண்டு அடிக்கும் மேலாக வளர்ந்து தொங்குகின்றன. முழு வளர்ச்சி பெற்ற ஆண்களுக்குத்தான் அவை இருக்கும். இனப்பெருக்க காலம் முடிந்ததும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். கிளையிலிருந்து கிளம்பும்போது ஆண் பெரும்பாலும் பின்பக்கமாகச் சரிந்து விழுந்து பறக்கிறது. முன்னால் பாய்ந்தால் அந்த இறகுகள் கிளையில் உரசிக் கிழிந்துவிடும். ஜோடி சேரும் பருவத்தில் ஆண் மர உச்சிகளுக்கு மேலே கூவிக்கொண்டே எழும்பி, வட்டமடித்து, இலைகளுக்குள் பாய்ந்து இறங்குவதும் உண்டு.

கூடு விஷயத்தில் இதற்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. மரங்கொத்தியைப் போல உறுதியான மரத்தைக் கொத்தும் அலகு இதற்குக் கிடையாது. செத்து, உளுத்துப்போய், ஆனால் இன்னும் சாயாமல் நிற்கும் மரம்தான் வேண்டும். அதை ஆணும் பெண்ணும் சேர்ந்து குடைகின்றன, அல்லது ஏற்கெனவே இருக்கும் பொந்தைப் பெரிதாக்குகின்றன. வெளிர் நீலத்தில் இரண்டு முட்டைகள். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாத்தால் பதினெட்டு நாள் வாக்கில் குஞ்சு பொரிக்கும். பொந்துக்குள் ஆண் உட்காரும்போது அந்த நீண்ட இறகுகள் உள்ளே அடங்குவதில்லை. முதுகின் மேல் வளைந்து வாசல் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் ஒட்டி வளர்ந்த பெரணி இலையாகவே தெரியும். கோஸ்டா ரிக்காவில் 1930களின் இறுதியில் மாதக்கணக்கில் கூட்டடியில் உட்கார்ந்து கவனித்த அலெக்சாண்டர் ஸ்கட்ச் இதையெல்லாம் எழுதிவைத்தார். குஞ்சுகள் பறக்கத் தயாராகும் சமயத்தில் தாய் விலகிப்போக, தகப்பனே தொடர்ந்து ஊட்டுவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

சாப்பாடு

குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் புழு, பூச்சி, சிறு பல்லி, தவளை எல்லாம் கிடைக்கும். வளர்ந்த கெட்சாலின் சாப்பாடு பெரும்பாலும் பழம். அதிலும் குறிப்பாக லாரேசியே குடும்பத்து மரங்களின் பழம். அவகாடோவும் நம் இலவங்கப்பட்டை மரமும் இந்தக் குடும்பம்தான். உள்ளூர்க்காரர்கள் இந்தக் காட்டு வகைகளை ‘அகுவகதியோ’, அதாவது குட்டி அவகாடோ, என்கிறார்கள். கடையில் விற்கும் பழத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. உள்ளே ஒரே ஒரு பெரிய கொட்டை, அதைச் சுற்றி மெல்லிய சதை. ஆனால் அந்தச் சதையில் கொழுப்பும் புரதமும் அதிகம்.

பழம் தின்பதைக் கவனித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பறவை முதலில் கிளையில் உட்கார்ந்து பழத்தை நோட்டம் விடும். திடீரென்று எழும்பி, அந்தரத்தில் ஒரு நொடி சிறகடித்து நின்று, பழத்தைக் காம்போடு பிய்த்துக்கொண்டு கிளைக்குத் திரும்பும். உட்கார்ந்தபடியே பறித்துத் தின்னும் அளவுக்கு அதன் கால்களில் வலு இல்லை. பழத்தை அப்படியே முழுசாக விழுங்கிவிட்டு மீண்டும் சிலையாகிவிடும். சிறிது நேரம் கழித்து வாயைத் திறந்து, சதை நீங்கிய கொட்டையைக் கக்கும். வாய்க்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் என்றால் தவறிக் கீழே விழும். ஆக, எந்த மரம் பயன்படும், எது படாது என்பதை அலகின் அகலமே முடிவு செய்துவிடுகிறது.

மான்டிவெர்டேயில் இதை ஆராய்ந்த நதானியேல் வீல்ரைட், 1983இல் வெளியிட்ட கட்டுரையில், கெட்சால் 40க்கும் மேற்பட்ட தாவர இனங்களின் பழங்களைத் தின்பதாகக் காட்டினார். ஆனாலும் லாரேசியேதான் ஆதாரம். எந்த மாதத்தில் எந்த உயரத்தில் அந்த மரங்கள் பழுக்கின்றனவோ, அதற்கேற்ப கெட்சாலும் இடம் மாறுகிறது என்பது அவர் கண்டது. ஒரே மரங்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தும் அவர் எழுதியிருக்கிறார். இந்த ஆண்டு கொத்துக் கொத்தாகக் காய்த்த மரம் அடுத்த ஆண்டு வெறுங்கிளையோடு நிற்கும். அதனால் ஒரு மரத்தையோ ஓர் இனத்தையோ நம்பி இந்தப் பறவை பிழைக்க முடியாது. பல இனங்கள் வேண்டும், பல உயரங்களில் வேண்டும்.

பழம் தின்னும் பறவை என்றதும் ‘விதை பரப்பிக் காட்டை வளர்க்கிறது’ என்று எழுதிவிடுவது நம் வழக்கம். கெட்சால் விஷயத்தில் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. டேனியல் வென்னியும் டக்ளஸ் லீவியும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, மான்டிவெர்டேயில் ஒக்கோடியா எண்ட்ரெசியானா என்ற லாரேசியே மரத்தின் விதைகளை ஐந்து பறவைகள் எங்கே கொண்டுபோய்ப் போடுகின்றன என்று பார்த்தது. கெட்சால் உட்பட நான்கு பறவைகள் பெரும்பாலும் தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே, நிழல் அடர்ந்த இடத்தில் கக்கிவிட்டன. மணிப்பறவையின் ஆண்கள் மட்டும், தாங்கள் கூவுவதற்காகத் தேர்ந்தெடுக்கும் காய்ந்த மரங்களின் அடியில், வெயில் விழும் திறப்பில் போட்டன. அங்கே விழுந்த விதைகளின் நாற்றுகள் அதிகம் பிழைத்தன. அதாவது கெட்சாலுக்குப் பழம் தரும் மரம் நன்றாக முளைக்க மணிப்பறவையும் வேண்டும். ஒரு பறவையை மட்டும் தனியாகக் காப்பாற்றிவிடலாம் என்ற நினைப்புக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பின்தொடர்ந்தவர்கள்

காப்பகத்தை உருவாக்கிய அதே ஜார்ஜ் பவல்தான், ராபின் பியோர்க்குடன் சேர்ந்து, 1980களின் கடைசியில் தொடங்கி கெட்சால்களுக்குச் சிறிய ரேடியோ அலைபரப்பிகளைப் பொருத்திப் பின்தொடர ஆரம்பித்தார். இன்றைய செயற்கைக்கோள் கருவி போல உட்கார்ந்த இடத்திலேயே தகவல் வந்து சேராது. ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக அலைய வேண்டும். நடுவில் ஒரு முகடு வந்தாலே சிக்னல் அறுந்துவிடும். தான் பாடுபட்டு அமைத்த காப்பகம் போதுமா என்று தானே சோதித்துப் பார்க்கும் மனம் எல்லோருக்கும் வாய்க்காது. பவல் மீது எனக்கு மரியாதை கூடியது இதனால்தான்.

தெரியவந்தது இதுதான். குஞ்சுகள் பறந்த பிறகு கெட்சால்கள் மேகக் காட்டை விட்டுப் பசிபிக் சரிவில் கீழே இறங்குகின்றன. சில மாதங்கள் அங்கே இருந்துவிட்டு, மறுபடி முகட்டைக் கடந்து அட்லான்டிக் சரிவுக்குப் போகின்றன. ஆண்டு பிறக்கும் சமயத்தில்தான் கூடு கட்டும் காட்டுக்குத் திரும்புகின்றன. மூன்று பகுதிகள், ஒரே சுற்று. வழக்கமாக நாம் நினைப்பதுபோல மேலே ஏறி, கீழே இறங்கும் வலசை இல்லை இது. ஒவ்வோர் உயரத்திலும் ஈரம் வேறு, அதனால் லாரேசியே இனங்கள் வேறு, பழுக்கும் மாதமும் வேறு. பறவை அந்தக் கணக்கைப் பின்பற்றிப் போகிறது.

இந்தச் சுற்றின் மீது காப்பக வரைபடத்தை வைத்துப் பார்த்தால்தான் பிரச்சினை விளங்கும். கூட்டுக் காடு பத்திரமாக இருந்தது. அட்லான்டிக் சரிவும் பரவாயில்லை. ஆனால் பசிபிக் சரிவு, கூட்டில் பட்ட பாட்டுக்குப் பிறகு பறவை முதலில் போய்ச் சேரும் இடம், அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை. அது மேய்ச்சல் நிலமும் காப்பித் தோட்டமுமாக மாறிவிட்டிருந்தது. காடு என்று மிஞ்சியது பண்ணைகளுக்கு இடையே, ஓடைக்கரைகளில், சரிவான மூலைகளில் கிடந்த துண்டுகள். அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் பெரிதாக இல்லை. 1994, 1995 ஆண்டுகளில் வெளியான இவர்களுடைய கட்டுரைகள் இதை வெளிப்படையாகச் சொல்லின. ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் ஒரு பறவை எங்கே வாழ்கிறது என்று தெரியாமல் வரையப்பட்ட காப்பகம், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அந்தப் பறவைக்குப் போதாது.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால் யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. முகட்டுக் காடு தண்ணீர் தந்தது, அழகாக இருந்தது, பயிருக்கு ஒத்துவராததால் விலையும் குறைவு. பசிபிக் சரிவில் மண் நல்லது, மேய்ச்சலுக்கு ஏற்றது, ஆட்கள் ஏற்கெனவே குடியிருந்தார்கள். உலகம் முழுக்க மலைகளில் காப்பகங்கள் உச்சியில் அமைந்து, அடிவாரமும் நடுச்சரிவும் விடுபட்டுப்போவதற்குக் காரணம் இதுவேதான்.

செய்தது என்ன

அட்லான்டிக் பக்கத்தில் நடந்த வேலை எல்லோருக்கும் தெரிந்த கதை. 1986இல் உள்ளூரில் மான்டிவெர்டே பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டு ஸ்வீடன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மழைக்காடு வாங்கப் பணம் திரட்டத் தொடங்க, அது பல நாடுகளுக்குப் பரவி, ‘குழந்தைகளின் நிரந்தரக் காடு’ உருவானது. இன்று 22,000 ஹெக்டேருக்கும் மேல். கோஸ்டா ரிக்காவின் மிகப் பெரிய தனியார் காப்பகம் அதுதான்.

பசிபிக் பக்கம் அப்படி மொத்தமாக வாங்கிவிட முடியாது. நிலம் விலை கூடியது, பிழைப்பு அதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பண்ணைக்காரர்களோடு பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், இந்த நிகழ்வில் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது இந்தப் பகுதியில்தான்.

முதல் பிடி, காற்று. மான்டிவெர்டேயில் வறண்ட மாதங்களில் அடிக்கும் காற்று புல்லைக் காய வைக்கும், மாட்டை வாட்டும், பாலைக் குறைக்கும். காற்றைத் தடுக்க மரவரிசை நடலாம் என்று சங்கம் சொன்னபோது, பண்ணைக்காரர்களுக்குப் பறவையைப் பற்றி விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உள்ளூர் மரங்களோடு சைப்ரஸையும் நம் ஊர் சவுக்கையும் கலந்து நட்டார்கள். சீலியா ஹார்வி பின்னர் இந்த வரிசைகளை ஆராய்ந்தபோது, திறந்த மேய்ச்சல் நிலத்தைவிட இந்த மரங்களுக்கு அடியில் பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகள் பல மடங்கு அதிகமாக இருந்தன. பாலுக்காக நட்ட மரத்தின் அடியில் காட்டு மரம் முளைக்கத் தொடங்கியது.

அடுத்தது, மிஞ்சிய காட்டுத் துண்டுகளுக்கு வேலி. வெளியிலிருந்து பார்த்தால் துண்டு பசுமையாகத்தான் இருக்கும். உள்ளே மாடு புகுந்து நாற்றுகளை மேய்ந்தும் மிதித்தும் விடுவதால், பெரிய மரங்கள் சாயும்போது இடத்தை நிரப்ப ஆளில்லை. வேலி போட்டால் போதும், அடிக்காடு எழும்பிவிடும். சிறிய துண்டுகளையும் கெட்சால் பயன்படுத்துகிறது, அங்கிருக்கும் லாரேசியே மரங்களைத் தேடி வருகிறது என்பதை வில்ஃபோர்டின் மகன் கார்லோஸ் கின்டனின் ஆய்வு காட்டியதால், ‘இத்துனூண்டு காடு எதற்கு’ என்ற பேச்சு அடிபட்டுப்போனது.

பணமும் வந்தது. 1996ஆம் ஆண்டின் வனச் சட்டம், காட்டைக் காக்கும் நில உரிமையாளருக்கு அரசே பணம் கொடுக்க வழி செய்தது. அதற்கான நிதியின் ஒரு பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. 1980களில் நாட்டின் கால்வாசி அளவுக்குச் சுருங்கியிருந்த காட்டுப் பரப்பு இன்று பாதியைத் தாண்டியிருப்பதில் இந்தத் திட்டத்துக்கும் பங்கு உண்டு, மாட்டிறைச்சி விலை சரிந்ததற்கும் பங்கு உண்டு. பின்னர் முகட்டிலிருந்து நிக்கோயா வளைகுடாவின் அலையாத்திக் காடு வரை ‘பஹாரோ கம்பானா’ உயிரியல் வழித்தடம் வகுக்கப்பட்டது. பெயர் மணிப்பறவையுடையது, அதன் வலசை கெட்சாலுடையதைவிட இன்னும் நீளம். இந்தத் தடத்துக்குள் ஊரும் பண்ணையும் சாலையும் இருக்கின்றன. யாரையும் வெளியேற்றவில்லை.

மர நாற்றங்கால்களும் இதில் சேர்த்தி. மான்டிவெர்டே பகுதியில் மட்டுமே வளரும் ஒக்கோடியா மான்டிவெர்டென்சிஸ் போன்ற லாரேசியே மரங்கள் இன்று மிக அருகிவிட்டன. அவற்றின் விதையைச் சேகரிப்பதே சிரமம். கீழே விழுந்த கொட்டையை எலியும் வண்டும் விட்டுவைப்பதில்லை. முளைத்து, நட்டு, பழம் கொடுக்க ஆண்டுகள் பல ஆகும். அந்தப் பொறுமையோடு உள்ளூர்க்காரர்கள் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மேகம் மேலே போகிறது

வழித்தடம் தீர்க்க முடியாத ஒன்றும் இங்கே நடந்துகொண்டிருக்கிறது. 1999இல் ஆலன் பவுண்ட்ஸும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வு, 1970களிலிருந்து மான்டிவெர்டேயில் வறண்ட காலத்துப் பனிமூட்டம் குறைந்துவருவதைக் காட்டியது. அந்த மலையில் மட்டுமே இருந்த பொன்னிறத் தேரை 1989க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. தேரை, தவளைகளின் அழிவில், அவற்றின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது பின்னால் தெளிவானது. ஆனால் அதே காலத்தில் தாழ்வான இடத்துப் பறவைகளும் மலையில் மேலேறின, அதற்குப் பூஞ்சையைக் காரணம் சொல்ல முடியாது. தாழ்வான இடங்களில் வாழும் வானவில் அலகு டூக்கான், கெட்சால்களின் கூட்டுப் பகுதிக்கே வந்து கூடு வைக்கத் தொடங்கியது. டூக்கான் பழமும் தின்னும், மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் கூடத் தின்னும், பொந்துக்கும் போட்டி போடும். உளுத்த மரம் கிடைக்காமல் ஏற்கெனவே திண்டாடும் பறவைக்கு இது சின்னத் தொந்தரவு இல்லை. கெட்சால் இன்னும் மேலே போகலாமே என்றால், மான்டிவெர்டேயின் முகடு 1,800 மீட்டர் வாக்கில் முடிந்துவிடுகிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் பட்டியலில் ஒளிரும் கெட்சால் இப்போது ‘அச்சுறுத்தலை நெருங்கும்’ நிலையில் இருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருப்பதால் பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதி இல்லை. கௌதமாலாவில் இது தேசியப் பறவை, நாணயத்தின் பெயரும் இதுவே. பிடிப்பதும் கொல்வதும் இன்றும் பிரச்சினைதான். என்றாலும் காடு அழிவதோடு ஒப்பிட்டால் அவை இரண்டாம் இடத்தில்தான் வரும். ஒரு நாடு தன் கொடியில் வைத்துக் கொண்டாடும் பறவைக்கே கூடு வைக்க உளுத்த மரம் கிடைக்கவில்லை என்பது மனதை உறுத்துகிறது.

மான்டிவெர்டேயில் கண்டது அந்த ஊருக்கு மட்டும் உரியதா என்று கேட்கலாம். மெக்சிகோவின் சியாபாஸில் உள்ள எல் த்ரியுன்ஃபோ காப்பகத்தில் சோஃபியா சோலோர்சானோவும் குழுவினரும் கெட்சால்களின் எண்ணிக்கையையும் பழங்களின் அளவையும் சேர்த்தே கணக்கெடுத்தார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்விலும் பழம் குறைந்தால் பறவையும் குறைந்தது, பழம் வந்தால் பறவையும் வந்தது. அங்கே உச்சியில் மையக் காடுகள், அவற்றைச் சுற்றிக் கீழே காப்பித் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் நிழலுக்கு எந்த மரத்தை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்பதை ஒவ்வொரு விவசாயியும் தன் கணக்குப்படி தீர்மானிக்கிறார். அவரோடு உட்கார்ந்து பேசாமல், காப்பகத்துக்குள் மட்டும் ரோந்து போய்க்கொண்டிருந்தால், கீழே இறங்கும் கெட்சாலுக்குப் பழமரம் மிஞ்சாது.